பாங்காக்கின் பழைய கடைத்தெருக்களை நடந்தே சுற்றுவது எப்படி?

பாங்காக் போகிறேன் என்று சொன்னால், போய் வந்தவர்கள் நான்கு மால்களின் பெயரைச் சொல்லி அனுப்புவார்கள். மாலில் குளிர்சாதனம் இருக்கிறது, விலைச்சீட்டு இருக்கிறது, சென்னை மாலில் பார்த்த அதே கடைகளும் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் தலைமுடிக் கிளிப்பும் தையல் நூலும் விருந்தாளிக்குக் கொடுக்கும் சின்னப் பரிசும் வாங்கும் இடம் வேறு. சைனாடவுனில் தொடங்கி ஆற்றங்கரைப் பூச்சந்தைவரை நீளும் பழைய கடைத்தெருக்கள்தாம் அவை. மொத்தமும் சுமார் மூன்று கிலோமீட்டர்.

வழி கேட்டால் ‘சைனாடவுன் போங்கள்’ என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. எந்த நிலையத்தில் இறங்குவது, எத்தனை மணிக்குப் போவது, ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு விலை எழுதியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் நான் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். இந்தியாவிலிருந்து முதல்முறை போகிறவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. காகிதங்கள்

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி சார்ஜ் இறங்கும் நேரத்தில்தான் குடியேற்ற அதிகாரி கேட்பார்.

2024 ஜூலையில் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குச் சுற்றுலாவாக 60 நாள்வரை விசா வேண்டியதில்லை என்று தாய்லாந்து அறிவித்தது. இப்படிப்பட்ட சலுகைகளை அவர்கள் அவ்வப்போது கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஆகவே டிக்கெட் எடுக்கும் அன்றே தூதரகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். நண்பர் சென்ற வருடம் போய் வந்தார் என்பது ஆதாரமாகாது.

2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவரும் ‘தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை’யை நிரப்பியாக வேண்டும். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பொறி இங்கேதான் இருக்கிறது. தேடுபொறியில் தட்டினால் அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தளங்களும் சேர்ந்து வருகின்றன. கார்டு எண் கேட்கும் பக்கம் வந்தால் மூடிவிட்டு, தாய்லாந்து குடியேற்றத் துறையின் சொந்தத் தளத்துக்குப் போங்கள்.

கடைத்தெருவில் நடக்கும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பதா, அறையிலேயே பூட்டுவதா? பணம் மாற்றும் நாளிலும், வரித் தொகை திரும்பப் பெறும் பொருளை வாங்கும் நாளிலும் மூலப் பாஸ்போர்ட் கட்டாயம் வேண்டும். சட்டப்படிப் பார்த்தால் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். நான் சட்டைக்குள் மாட்டும் சிறு பையில் வைத்துக்கொண்டு போகிறேன். முதல் பக்கத்தின் நகல் ஒன்றைத் தனியாக வைப்பதும் நல்லது.

2. பணம்

தாய்லாந்து நாணயத்தின் பெயர் பாட். ஒரு பாட்டுக்கு மூன்று ரூபாய் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மை விலை அதிலிருந்து சற்று மாறும் என்றாலும் மனக்கணக்கு எளிது, செலவும் கட்டுக்குள் நிற்கும்.

ரூபாய்த் தாளை அங்கே கொண்டுபோய் மாற்றினால் கிடைக்கும் விலை மோசம். டாலராகக் கொண்டுபோனால் 100 டாலர் தாளாகக் கொண்டுபோங்கள். சிறிய தாள்களுக்கும் அழுக்கோ கிழிசலோ உள்ள தாள்களுக்கும் குறைத்துத்தான் கொடுப்பார்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் எதிர்ப்படும் வங்கிக் கவுன்டர்களில் மாற்ற வேண்டாம். நகருக்குள் போகும் ரயில் புறப்படும் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே சில தனியார் பணமாற்று நிறுவனங்களின் சிறு கூடங்கள் இருக்கின்றன. மேலே எழுதியிருக்கும் விலையையும் கீழே எழுதியிருக்கும் விலையையும் ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டைச் செருகினால் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். ஆயிரம் ஆயிரமாக நான்கு முறை எடுப்பதில் போகும் கட்டணத்தில் இரண்டு நாள் சாப்பாடு முடிந்துவிடும். எடுப்பதானால் ஒரே முறை எடுங்கள். ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா?’ என்று இயந்திரம் திரையில் கேட்கும். வேண்டாம் என்று அழுத்திப் பாட்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் அவர்கள் வைத்ததே விலை. கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதிலைச் சொல்லுங்கள்.

புறப்படும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். இந்தியக் கார்டுகளில் அது பெரும்பாலும் மூடியே இருக்கும். தட்டிப் பணம் கட்டும் வசதியையும் சேர்த்துத் திறக்க வேண்டும், மெட்ரோவில் உதவும்.

சந்துக் கடைகளில் கார்டு செல்லாது. கல்லாவின் மேல் கியூஆர் படம் ஒட்டியிருப்பதைப் பார்த்து நம் ஊர் நினைவில் கைப்பேசியை நீட்டாதீர்கள். அது அந்நாட்டு வங்கிக் கணக்குகளுக்கானது. 20, 50, 100 பாட் தாள்களாகக் கையில் இருப்பதே நடக்கிறவருக்குப் பலம். ஆயிரம் பாட் தாளை ஒரு செவன்-இலெவன் கடையில் தண்ணீர் வாங்கி முதலிலேயே உடைத்துவிடுங்கள். அங்கே முகம் சுளிக்க மாட்டார்கள்.

3. எந்த நாள், எந்த நேரம்

இதில் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் வீண். இந்தத் தெருக்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில் விழித்திருக்கின்றன.

சைனாடவுனின் மொத்த வியாபாரத் தெருவான சம்பெங் சந்து காலை எட்டு, ஒன்பது மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணியளவில் கதவடைக்கத் தொடங்கிவிடும். சைனாடவுனின் பெரிய சாலையான யாவராட்டின் புகழ்பெற்ற தெருச் சாப்பாடோ மாலை ஆறு மணிக்குமேல்தான் களைகட்டும். பூச்சந்தை இருபத்துநாலு மணிநேரமும் திறந்திருக்கும். நள்ளிரவுக்குப் பின் விடியும்வரைதான் அதற்கு உச்சம். இரவு விளக்கொளியில் எடுத்த யாவராட் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஏழு மணிக்குப் போனால் சாப்பிடலாம், கடை பார்க்க முடியாது.

ஆகவே காலை எட்டரைக்கு ரயிலைவிட்டு இறங்குவதுபோல் திட்டமிடுங்கள். ஒரு மணிக்குள் சம்பெங்கை முடித்து, வெயில் ஏறும்போது கூரைக்குள் ஒதுங்கி, நான்கு மணிக்குப் பூச்சந்தைக்குப் போகலாம்.

திங்கட்கிழமையைத் தவிர்த்தால் நல்லது. யாவராட்டின் நடைபாதைக் கடைக்காரர்கள் பலருக்கு அன்று விடுமுறை. சீனப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் சந்துக் கடைகள் பல பூட்டிக்கிடக்கும். திருவிழா பார்க்கலாம், சாமான் வாங்க முடியாது. மாதங்களில் நவம்பர் முதல் பிப்ரவரிவரை நடப்பதற்கு ஏற்றது. மார்ச் முதல் மே வரை நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சற்றும் குறையாத வெயில், அதோடு ஈரப்பதம். ஜூன் முதல் அக்டோபர்வரை பெரும்பாலும் பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்கும் காலையில் நடப்பதே மருந்து.

4. போய்ச் சேருவது

இறங்க வேண்டிய நிலையம் வாட் மங்கோன். மெட்ரோவின் நீல வழித்தடத்தில் இருக்கிறது. பழைய வழிகாட்டிகள் ஹுவா லம்போங்கில் இறங்கி நடக்கச் சொல்லும். அது இந்த நிலையம் திறப்பதற்கு முன் எழுதியது, வீணாக நடக்காதீர்கள்.

சுவர்ணபூமியிலிருந்து வருபவர்கள் விமான நிலைய ரயிலில் மக்கசான் நிலையத்தில் இறங்கி, மேம்பால நடைவழியாகப் பெட்சபுரி மெட்ரோ நிலையத்துக்கு மாறிக்கொள்ளலாம். அந்த ரயிலில் கடைசி நிலையமான பயா தாய்வரை போனாலும் 45 பாட்தான். இன்னொரு விமான நிலையமான டான் முவாங்கில் இறங்குபவர்களுக்குச் சிவப்பு வழித்தட ரயில் இருக்கிறது. அதில் குருங் தேப் அபிவாட் நிலையம்வரை வந்து, அங்கேயே இருக்கும் பாங் சூ மெட்ரோ நிலையத்தில் நீலத்துக்கு மாற வேண்டும்.

மெட்ரோவில் விசா அல்லது மாஸ்டர்கார்டைக் கதவில் தட்டியே உள்ளே போகலாம். டிக்கெட் வரிசை வேண்டாம். உள்ளே தட்டிய அதே கார்டை வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். ரூபே கார்டை நம்பிப் போகாதீர்கள். தம்பதியாகப் போனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும், இல்லையென்றால் ஒருவர் கவுன்டரில் வில்லை வாங்கிக்கொள்ளலாம்.

காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசியகீதம் ஒலிக்கும். எல்லாரும் அப்படியே நிற்பார்கள். நீங்களும் நின்றுவிடுங்கள்.

5. முதல் சந்து

நிலையத்திலிருந்து மேலே வந்தால் சாரோன் குருங் சாலை. வாட் மங்கோன் கோயிலுக்கு எதிரே 16-ஆம் எண் சந்து இருக்கிறது. கூரை போட்ட, இருபுறமும் சாமான் பிதுங்கும் இடம். காய்ந்த காளான், தேயிலை, முந்திரி, உலர்ந்த பழங்கள், கருவாடு, தொங்கவிட்ட வாத்து எல்லாம் கலந்த மணம் வரும். சைவக்காரர்கள் கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சந்தைத் தவிர்க்க வேண்டாம். தேயிலையும் உலர்ந்த பழமும் எடை குறைவு, பெட்டிக்குச் சுமை இல்லை, வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும்.

இங்கே எடை விலைதான். பலகையில் எழுதிய எண் ஒரு கிலோவுக்கா, நூறு கிராமுக்கா என்று விரலால் காட்டியாவது கேட்டுவிட்டு அள்ளச் சொல்லுங்கள். எண்கள் நாம் பயன்படுத்தும் அதே வடிவில்தான் இருக்கும். படிப்பதில் சிக்கல் இல்லை.

சந்தின் முடிவில் யாவராட் சாலை குறுக்கிடும். சிக்னலில் மட்டும் கடக்கவும். வரிக்குதிரைக் கோட்டைப் பார்த்து வண்டி நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் ஊர் அனுபவம் இங்கே கைகொடுக்கும். எதிர்ப்புறம் அதே நேர்கோட்டில் தொடரும் சந்தில் நுழைந்து நடந்தால் குறுக்கே இன்னும் ஒடுக்கமான ஒரு சந்து வரும். அதுதான் சம்பெங். அதிகாரப்பூர்வப் பெயர் சோய் வானிட் 1. வரைபடத்தில் இந்தப் பெயரே இருக்கலாம். வலப்பக்கம் திரும்புங்கள்.

6. சம்பெங்

இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசாமல் கடக்க முடியாத இடத்தில் தள்ளுவண்டியும் மோட்டார் சைக்கிளும் வரும். பின்னாலிருந்து குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கடைப்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்வது உங்கள் பணத்துக்கும் நல்லது, அடுத்தவர் தட்டில் அடுக்கிய மணிகளுக்கும் நல்லது. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். கைக்குழந்தை வண்டியும் வேண்டாம்.

என்ன கிடைக்கும்? மணி, ரிப்பன், பித்தான், தலைமுடிக் கிளிப், பரிசுத்தாள், எழுதுபொருள், பொம்மை, செருப்பு, கைப்பை, சாவிக்கொத்து, துணி. நகை செய்யும் பழக்கமுள்ளவர்களையும் தையல் கடை வைத்திருப்பவர்களையும் இங்கிருந்து இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

இப்போது விலைக்கு வருகிறேன். ரங்கநாதன் தெருவில் பழகிய நமக்கு, சொன்ன விலையில் பாதியைக் கேட்கக் கை பரபரக்கும். சம்பெங்கில் அது எடுபடாது. கேட்டால் கடைக்காரம்மா ஒரு சிரிப்போடு அடுத்த ஆளைப் பார்ப்பார். இது மொத்த வியாபாரத் தெரு. விலையை இறக்குவது உங்கள் பேச்சுத் திறமை இல்லை. நீங்கள் எடுக்கும் எண்ணிக்கை.

பெரும்பாலான கடைகளில் பொருளுக்கு மேல் அட்டையில் இரண்டு விலை எழுதியிருப்பார்கள். ஒன்று ஒற்றையாக எடுத்தால் கொடுக்க வேண்டியது, மற்றது மொத்தமாக எடுத்தால். மொத்தம் என்றதும் நூறு உருப்படி என்று மிரள வேண்டாம். பல கடைகளில் மூன்று எடுத்தாலே மொத்த விலை வந்துவிடும். சிலவற்றில் ஆறு, சிலவற்றில் ஒரு டஜன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்றும் ஒரே பொருளாக இருக்க வேண்டுமா, ஒரே விலையுள்ள வேறு வேறு நிறங்களைக் கலக்கலாமா என்பது கடைக்குக் கடை மாறும். பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று விரலைக் காட்டினாலே அவர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டிவிடுவார். கலந்து எடுக்கக் கூடாதென்றால் கையை ஆட்டுவார். அவ்வளவுதான் உரையாடல்.

‘தாவ் ராய்’ என்றால் எவ்வளவு. ‘மாய் ஆவ்’ என்றால் வேண்டாம். முடிவில் ஆண்கள் ‘க்ராப்’, பெண்கள் ‘கா’ என்று சேர்த்தால் மரியாதை. இந்த மூன்றும் கால்குலேட்டரும் போதும்.

வாங்குமுன் வீட்டுக்கு யார் யாருக்கு என்ன என்று ஒரு பட்டியல் போடுங்கள். பட்டியல் இல்லாமல் போகிறவர் மூன்று எடுத்தால் மலிவு, ஆறு எடுத்தால் இன்னும் மலிவு என்று எடுத்துக்கொண்டே போய், யாருக்கும் வேண்டாத இரண்டு டஜன் சாவிக்கொத்துடன் ஊர் திரும்புவார். கூட்டாகப் போனால் இன்னும் வசதி. இரண்டு குடும்பம் சேர்ந்து ஆறு எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

உடை, செருப்பு வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போட்டுப் பார்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ‘ஒரே அளவு எல்லாருக்கும்’ என்று தைத்த உடைகள் அந்நாட்டு உடல்வாகுக்கு ஏற்றவை. நம்மில் பலருக்கு அவை தோளில் நின்றுவிடும். ஒரு அளவுநாடாவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வீட்டில் இருக்கும் சட்டையின் அளவைக் குறித்து வைத்தால் இரண்டே நொடியில் முடிவு செய்யலாம். வாங்கியதைத் திருப்பி எடுக்கும் வழக்கம் கிடையாது. ஜிப்பை இழுத்துப் பாருங்கள், மணிச்சரத்தை எண்ணிப் பாருங்கள், மின்பொருளானால் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். படம் எடுக்கக் கூடாது என்று பலகை வைத்த கடைகளில் கைப்பேசியை உயர்த்தாதீர்கள். வடிவத்தைத் திருடுகிறார்கள் என்ற எரிச்சல் அவர்களுக்கு.

‘திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம்’ என்ற நினைப்பு இங்கே ஆபத்து. சந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும், எல்லாக் கடையும் ஒன்றுபோலவே இருக்கும், கூட்டமோ ஏறிக்கொண்டே போகும். பிடித்திருந்தால் அப்போதே வாங்குங்கள், அல்லது கடை முகப்பைப் படம் எடுத்து வரைபடத்தில் குறியிட்டுவிட்டு நகருங்கள். கனமான பொருளுக்கு மட்டும் விதிவிலக்கு. அதை மேற்குக் கோடியில் வாங்கினால் சுமக்கும் தூரம் குறையும்.

பாதியில் களைத்துவிட்டால் ராட்சவோங் சாலை குறுக்கிடும் இடத்தில் இடப்பக்கம் திரும்பி நடங்கள். சாலை முடியும் இடத்தில் அதே பெயரில் படகுத்துறை இருக்கிறது. தப்பித்து ஆற்றில் போய்விடலாம்.

7. பாஹுரட்

சக்கரவாட் சாலையையும் கடந்து நேரே போனால் ஓங் ஆங் கால்வாய். அதன் மேலுள்ள சிறு பாலத்தைத் தாண்டினால் தெருவின் முகமே மாறிவிடும். ஊதுவத்தி வாசனை, இந்திப் பாட்டு, பித்தளை விளக்கு. இது பாஹுரட். வணிகர்களில் பலர் பஞ்சாபிச் சீக்கியர்கள். பொற்குவிமாடத்தோடு குருத்வாரா ஒன்று மேலே தெரியும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசலாம், பேரமும் கொஞ்சம் நடக்கும்.

என் கருத்து: இங்கே சேலை வாங்காதீர்கள். அதில் பாதி நம் நாட்டிலிருந்து போனதுதான். கடல் கடந்து போன துணியைக் கடல் கடந்து போய் வாங்கி வருவதில் என்ன இருக்கிறது? அந்நாட்டுச் சரிகைப் பட்டு, நடன உடைகளுக்கான மினுக்கு ஓரங்கள், பருத்தித் துணி வகைகளைப் பாருங்கள்.

துணி வாங்குவோருக்கு ஒரு பொறி. சில கடைகளில் மீட்டர், சில கடைகளில் கஜம். கஜம் 91 சென்டிமீட்டர்தான். ரவிக்கைக்கு என்றால் பெரிதாகத் தெரியாது. ஐந்து, ஆறு மீட்டர் தேவைப்படும் துணியில் அரை மீட்டர் குறைந்து தையற்காரர் முன் விழிக்க வேண்டியிருக்கும். ‘மீட்டரா?’ என்று கேட்டு, அளக்கும் கோலையும் பாருங்கள். துணியின் அகலத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. சாப்பாடு, ஓய்வு, கழிப்பறை

சைவக்காரர்களுக்குப் பாஹுரட்தான் புகலிடம். பூரியும் பருப்பும் கிடைக்கும். சைனாடவுன் பக்கம் சாப்பிடுவதானால், மஞ்சள் நிறக் கொடியில் சிவப்பில் ‘17’ என்று எழுதியதுபோல் ஒரு குறி தொங்கும் கடையைத் தேடுங்கள். அது ‘ஜே’ என்னும் சுத்த சைவம். வெங்காயம், பூண்டுகூடச் சேராது. ‘கின் ஜே’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ‘காய்கறி மட்டும்’ என்று ஆங்கிலத்தில் சொல்லி நூடுல்ஸ் வாங்கினால் காய்கறிக்கு மேல் மீன் சாறு ஊற்றித்தான் வரும், கொடுத்தவர் மேல் தவறில்லை.

கழிப்பறைக்கும் குளிர்காற்றுக்கும் பாஹுரட்டை ஒட்டிய ஓல்ட் சயாம் பிளாசா. தரைத்தளத்தில் பழைய பாணி இனிப்புகளைக் கண்ணெதிரே செய்து விற்கிறார்கள். தேங்காய்ப்பால் இனிப்புகள் நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது. பகல் ஒரு மணியிலிருந்து மூன்றுவரை வெளியே நடக்காமல் இங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். இத்தோடு போதும் என்று தோன்றினால் சாம் யோட் மெட்ரோ நிலையம் அருகிலேயே இருக்கிறது.

9. பூச்சந்தையும் ஆறும்

பாஹுரட்டிலிருந்து சக்கரப்பெட் சாலையில் ஆற்றை நோக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பாக் க்லோங் தலாட். சாமந்தி மூட்டை மூட்டையாக, தாமரை மொட்டு கட்டுக் கட்டாக, ஆர்க்கிட் தண்டுகள் வாளி வாளியாக. மல்லிகை மொட்டைக் கோத்துச் செய்யும் கைமாலைகளைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒன்றை வாங்கி அறைக்குக் கொண்டுபோங்கள். ஊருக்குக் கொண்டுவர நினைக்க வேண்டாம். பூ, செடி, விதைகளுக்கு இந்தியாவில் தாவர நோய்த் தடுப்பு விதிகள் உண்டு.

திரும்புவதற்கு இரண்டு வழி. சந்தையின் மறுகோடியிலிருந்து சற்று நடந்தால் சனம் சாய் மெட்ரோ நிலையம். அல்லது படகு. சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். பயணிகள் கூடும் துறைகளில் ‘படகு டிக்கெட்’ என்று அழைத்து, பலமடங்கு விலையில் சுற்றுலாப் படகுச் சீட்டை நீட்டுவார்கள். அதுவும் முறையான படகுதான், ஏமாற்று இல்லை. ஆனால் உங்களுக்குத் தேவை ஆரஞ்சுக் கொடி. மாலை இருட்டியபின் அது ஓடாது.

10. வழியில் மடக்குபவர்கள்

இந்தச் சந்துகளுக்குள் யாரும் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள். அவர்களுக்கு வேலை இருக்கிறது. தொந்தரவு பூச்சந்தையைத் தாண்டி அரண்மனைப் பக்கம் போகும்போதுதான். நன்றாக உடுத்திய ஒருவர் வந்து ‘இன்று அரண்மனை மூடியிருக்கிறது’ என்பார். ஊர் விசாரிப்பார். பிறகு 20 பாட்டுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட டுக்டுக் என்னும் அந்த ஊர் ஆட்டோவைக் கூப்பிடுவார். அந்த வண்டி போய் நிற்குமிடம் ரத்தினக் கடை, அல்லது தையல் கடை. ‘அரசு விற்பனை, இன்று கடைசி நாள், உங்கள் ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம்’ என்பார்கள். அப்படி ஒரு அரசு விற்பனை கிடையாது. பேசாமல் நடந்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் சுற்றுலாக் காவல் எண் 1155.

டாக்சியில் மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். மீட்டர் போட மறுத்தால் இறங்கி அடுத்த வண்டி. மின் சிகரெட்டைப் பெட்டியில் கொண்டுபோகாதீர்கள், அந்நாட்டில் தடை. குப்பையையோ சிகரெட் துண்டையோ தெருவில் போட்டால் அபராதம் உண்டு.

11. தங்கம் வாங்க நினைப்பவர்களுக்கு

யாவராட்டில் சிவப்பு முகப்போடு வரிசையாக நகைக்கடைகள். எல்லாவற்றிலும் அன்றைய தங்க விலை ஒன்றுதான். கடைக்குக் கடை மாறுவது செய்கூலி. அங்கே தங்கத்தின் எடையையும் ‘பாட்’ என்றே சொல்கிறார்கள். நகையில் ஒரு பாட் என்பது 15.16 கிராம், கிட்டத்தட்ட இரண்டு பவுன். தரம் 96.5 சதவீதம், நம் 22 காரட்டைவிட மேல். கிராம் விலையை ஊர் விலையோடு நேராக ஒப்பிட்டால் தவறிப்போகும். தரத்தையும் கணக்கில் சேருங்கள்.

இந்தியச் சுங்க விதியில் நகைக்கான தனிச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புவோருக்குத்தான். சில நாள் சுற்றுலா போனவருக்கு இல்லை. காசாகவோ கட்டியாகவோ வாங்கினால் எந்தச் சலுகையும் இல்லை. கழுத்தில் போட்டுக்கொண்டால் கேட்கமாட்டார்கள் என்று சொல்லும் உறவினரை நம்பாதீர்கள். தீர்வையைச் சேர்த்துக் கணக்குப் போட்டபின் லாபம் மிஞ்சுகிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழையுங்கள்.

12. பெட்டியும் விமான நிலையமும்

மலிவு விமானங்களில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான். சம்பெங்கில் எடுத்த மணியும் பித்தானும் பார்க்கச் சிறியவை, தராசில் கனமானவை. திரும்பும் பயணத்துக்கான பெட்டி எடையை டிக்கெட் எடுக்கும்போதே இணையத்தில் வாங்கிவிடுங்கள். கவுன்டரில் போய் வாங்கினால் சம்பெங்கில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். தைலம், சாறு வகைகள், கத்தரிக்கோல் பெட்டியில், பவர்பேங்க் கையில். துரியன் எதிலும் வேண்டாம். புத்தர் சிலைகளை வெளியே கொண்டுபோக அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கடைக்காரர் ‘ஒன்றுமில்லை’ என்றாலும் வாங்காதீர்கள்.

மதிப்புக் கூட்டு வரி அங்கே 7 சதவீதம். அதைத் திரும்பப் பெறும் வசதி சந்துக் கடைகளில் கிடையாது; அறிவிப்புப் பலகை வைத்த பெரிய கடைகளில் மட்டும்தான். ஒரே நாளில் ஒரே கடையில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்கியிருக்க வேண்டும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பி.பி. 10 என்ற படிவத்தை எழுதி வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் தரமாட்டார்கள். வாங்கியதன் மொத்தம் 20,000 பாட் அல்லது அதற்கு மேல் என்றால், விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே, புறப்பாட்டுத் தளத்தில் இருக்கும் சுங்கக் கவுன்டருக்குப் படிவத்தையும் பொருளையும் கொண்டுபோங்கள். பணம் தரும் கவுன்டர் உள்ளே, குடியேற்றச் சோதனைக்கு அப்பால். கட்டணம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், 7 சதவீதம் முழுதாக வராது. இதற்காக ஒரு மணிநேரம் முன்னதாகப் போக வேண்டியிருக்கும். மொத்தக் கொள்முதல் மூவாயிரம் பாட்டுக்குள் என்றால் நான் அந்த வரிசையில் நிற்பதில்லை.